வேண்டுமென்றே தண்ணீர் விட்ட கப்பல்: டெக்சாஸ் எப்படிப் பிழைத்தது

1944 ஜூன் 15. பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஒன்பது நாள் ஆகிவிட்டது. சண்டை கரையை விட்டு உள்ளே உள்ளே நகர்ந்து போக, கடலில் நின்றுகொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் டெக்சாஸுக்கு ஒரு சிக்கல் வந்தது. அதன் பெரிய பீரங்கிகள் 15 டிகிரிக்கு மேல் தலை தூக்காது. முதல் உலகப் போருக்கு முன்பு வரைந்த வடிவமைப்பு அது. அன்றைக்கு அந்த உயரம் போதும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது குண்டு எட்டவில்லை, கரைக்கு இன்னும் நெருங்கவும் வழியில்லை.

கப்பலில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டார்பிடோ அடித்தால் அடியைத் தாங்கிக்கொள்வதற்காகக் கப்பலின் இரண்டு விலாவிலும் வெற்று அறைகளை வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள், வெளியிலிருந்து பார்த்தால் இடுப்பில் டயர் கட்டியதுபோலப் புடைத்துத் தெரியும். அதில் வலப்பக்கத்து அறைகளுக்குள் கடல் தண்ணீரைத் தாங்களே திறந்துவிட்டார்கள். கப்பல் இரண்டு டிகிரி வலப்பக்கம் சாய்ந்தது, இடப்பக்கம் அந்த அளவுக்கு மேலே எழுந்தது, பீரங்கி வாயும் கூடவே எழுந்தது. குண்டு எட்டியது.

போர்க்கப்பல் பைத்தியம் பிடித்த யாரைக் கேட்டாலும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் இதற்கு ஒரு பின்பாதி உண்டு. 2017 ஜூனில் அதே டெக்சாஸ், குண்டு கிண்டு எதுவும் இல்லாமல், அருங்காட்சியகமாக நின்ற இடத்திலேயே ஆறு டிகிரி சாய்ந்தது. இந்த முறை யாரும் எதையும் திறந்துவிடவில்லை.

அந்த இரண்டு டிகிரிக்கும் இந்த ஆறு டிகிரிக்கும் நடுவே நடந்ததுதான் இந்தக் கட்டுரை.

கூட நின்றவர்கள் எங்கே

முதலில் ஒரு கணக்கு. நார்மண்டிக் கரையைச் சுடுவதற்கு அன்று வந்து நின்ற பெரும் போர்க்கப்பல்களில் அமெரிக்காவுடையவை மூன்று: டெக்சாஸ், ஆர்கன்சா, நெவாடா. பிரிட்டனுடையவை வார்ஸ்பைட், ராமிலிஸ், ராட்னி. (பெரும் போர்க்கப்பல் என்று நான் சொல்வது ஆங்கிலத்தில் பேட்டில்ஷிப் என்ற வகையை மட்டும். கனத்த கவசம், மிகப் பெரிய பீரங்கி. கடற்படைக் கப்பல் எல்லாவற்றையும் போர்க்கப்பல் என்றே சொல்லிவிடுவதால் இந்தக் குழப்பம்.)

ஆர்கன்சாவை 1946 ஜூலை 25 அன்று பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவுக்கூட்டத்தில் தண்ணீருக்கு அடியில் வெடித்த அணுகுண்டு மூழ்கடித்தது. எதிரி போட்ட குண்டு இல்லை, சொந்த நாட்டுச் சோதனை. நெவாடாவும் அதே சோதனைக்குப் போனது, விமானத்திலிருந்து குறி தெரிவதற்காகச் செஞ்சிவப்பு வண்ணம் பூசி நடுவில் நிறுத்தினார்கள். அந்தச் சோதனையின் இரண்டு வெடிப்பையும் தாங்கி மிதந்தது அந்தக் கப்பல். பேர்ல் ஹார்பரில் ஜப்பானியத் தாக்குதலில் அடிபட்டுக் கரையேறி, மறுபடி சரிசெய்யப்பட்டு நார்மண்டிக்கு வந்த கப்பல் வேறு. அவ்வளவையும் தாண்டியதை 1948 ஜூலை 31 அன்று ஹவாய்க்கு அப்பால் இழுத்துப்போய் இலக்காக நிறுத்திச் சுட்டு மூழ்கடித்தார்கள். 2020-இல்தான் அதைக் கடலடியில் கண்டுபிடித்தார்கள், 4,700 மீட்டர் ஆழத்தில்.

ராமிலிஸும் ராட்னியும் 1948-இல் உடைப்புக்குப் போயின. ராமிலிஸில் இருந்த 15 அங்குல பீரங்கி ஒன்று மட்டும் லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியக வாசலில் நிற்கிறது, பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று. வார்ஸ்பைட் கொஞ்சம் முரண்டு பிடித்தது. 1947 ஏப்ரலில் உடைக்கும் இடத்துக்கு இழுத்துப்போகும் வழியில் புயலில் கயிறு அறுந்து கார்ன்வால் பாறைகளில் போய் ஏறிக்கொண்டது. அதைப் பிரித்து எடுக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. பிரிட்டன் தன்னுடைய 20-ஆம் நூற்றாண்டுப் பெரும் போர்க்கப்பல்களில் ஒன்றைக்கூட முழுசாக வைத்துக்கொள்ளவில்லை. கடைசியாக வேன்கார்ட் 1960-இல் போனது. கடலை ஆண்டோம் என்று சொல்லிக்கொள்ளும் நாடு ஒன்றையாவது வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும், ஆனால் போருக்குப் பிறகு அவர்களுடைய கஜானா இருந்த நிலையில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

இன்னும் நெருங்கிய உறவைப் பார்ப்போம். டெக்சாஸுக்கு ஒரே ஒரு உடன்பிறப்பு, நியூயார்க். ஒரே வரைபடம், ஒரே 14 அங்குல பீரங்கிகள் பத்து. அதுவும் பிகினிக்குப் போய்த் தப்பி வந்தது. 1948 ஜூலை 8 அன்று ஹவாய்க்கு அருகே சொந்தக் கடற்படையின் கப்பல்களும் விமானங்களும் சேர்ந்து எட்டு மணி நேரம் அடித்த பிறகுதான் மூழ்கியது. அந்த ஏப்ரலில்தான் டெக்சாஸை டெக்சாஸ் மாநிலத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். மூன்று மாத இடைவெளியில் ஒன்று நினைவுச் சின்னம், ஒன்று கடலடி.

ஆக, நார்மண்டியில் நின்ற ஆறில் மிச்சம் ஒன்று. உலகம் முழுக்க அந்த வகையில் மிச்சம் இருப்பதே ஒன்பதுதான். எட்டு அமெரிக்காவில், ஒன்று ஜப்பானில். இரண்டு உலகப் போரிலும் பணி செய்துவிட்டு இன்னும் மிதக்கிற பேட்டில்ஷிப் டெக்சாஸ் மட்டுமே. இதற்குப் போட்டியாக வந்திருக்கக்கூடிய இன்னொரு கப்பல் இருந்தது, துருக்கியின் யாவூஸ், பிறப்பால் ஜெர்மானியக் கப்பல். 1963-இல் துருக்கி அதை மேற்கு ஜெர்மனிக்கே விற்க முன்வந்தது. வேண்டாம் என்றுவிட்டார்கள். 1970-களில் உடைத்துவிட்டார்கள்.

குண்டு செய்ததும் செய்யாததும்

டெக்சாஸின் போர் வரலாற்றை இங்கே முழுக்கச் சொல்லப்போவதில்லை. 1914 மார்ச்சில் பணிக்கு வந்தது. 1917-இல் பிளாக் தீவு அருகே தரை தட்டி நின்று மானத்தை வாங்கியது. 1918-இல் பிரிட்டிஷ் கடற்படையோடு வடகடலில் சுற்றியது. 1925-26-இல் நார்ஃபோக் தளத்தில் பெரிய சீரமைப்பு நடந்தது: கரிக்குப் பதில் எண்ணெய், புதிய கோபுரக் கம்பங்கள், அப்புறம் அந்தப் பக்கப் புடைப்புகள். 1944 ஜூன் 6 காலை 34 நிமிடத்தில் 255 பெரிய குண்டுகளை நார்மண்டிக் கரையின் பாயிண்ட் டு ஹாக் குன்று மீது பொழிந்தது. அதற்குப் பிறகு தென் பிரான்ஸ், ஜப்பானின் ஐவோ ஜிமா, ஒகினாவா தீவுகள்.

ஒரு நாளை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. 1944 ஜூன் 25, பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளியே ஜெர்மானியக் கரைப் பீரங்கிகளோடு நேருக்கு நேர் சண்டை. ஒரு 240 மில்லிமீட்டர் குண்டு கப்பலைச் செலுத்தும் மேடை அருகே வெடித்து, சுக்கான் பிடித்திருந்த மாலுமியைக் கொன்றது. இரண்டு உலகப் போரிலும் சேர்த்து எதிரியின் அடியில் இந்தக் கப்பல் இழந்த உயிர் அந்த ஒன்றுதான். அதே சண்டையில் இன்னொரு 240 மில்லிமீட்டர் குண்டு முன்பக்க இரும்பைக் கிழித்து உள்ளே வந்து, ஒரு அதிகாரியின் அறைக்குள் விழுந்து, வெடிக்காமல் கிடந்தது. பிறகு செயலிழக்கச் செய்து, அதிர்ஷ்டச் சின்னம்போலக் கப்பலிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு ஆள் தன்னுடைய அறைக் கதவைத் திறந்து அதைப் பார்த்த கணத்தை யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எதிரியிடம் இந்தக் கப்பல் பட்ட அடி அவ்வளவுதான். மீதி எல்லாமே சமாதான காலத்தில் பட்டது.

சின்னமாக்கியதில் வந்த வினை

1947-இல் டெக்சாஸ் சட்டமன்றம் கப்பலுக்கென ஓர் ஆணையம் அமைத்தது. பால்டிமோரிலிருந்து இழுத்துவரும் செலவுக்கு 225,000 டாலர் திரட்டுவதுதான் அதன் முதல் வேலை. 1948 ஏப்ரல் 21, மாநிலத்தின் விடுதலைப் போர் நடந்த சான் ஜசிந்தோ நாள், அந்தப் போர்க்களத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு துறையில் கப்பலை நிறுத்திக் கொடியிறக்கிக் கையளித்தார்கள். அமெரிக்காவில் நிரந்தர அருங்காட்சியகமான முதல் பேட்டில்ஷிப் அது.

விழா, பேண்டு வாத்தியம், எல்லாம் சரி. அங்கேதான் தப்பும் தொடங்கியது. கடற்படையில் இருக்கும் கப்பல் ஓரிரு ஆண்டுக்கு ஒரு தடவை உலர்துறை ஏறும். உலர்துறை என்றால் கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வெளியேற்றி, அடிவயிறு வரை காயவிட்டுச் சுரண்டி, வண்ணம் பூசி, தேய்ந்த தகட்டை மாற்றும் இடம். சின்னமாகிவிட்ட கப்பலை யாரும் கப்பலாகப் பார்ப்பதில்லை, கட்டடமாகப் பார்க்கிறார்கள். மேலே வண்ணம் அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். டெக்சாஸ் 1948-க்குப் பிறகு மறுபடி உலர்துறை பார்த்தது 1988 டிசம்பரில். நாற்பது ஆண்டு!

நின்ற இடமும் லேசுப்பட்ட இடம் இல்லை. ஹூஸ்டன் கப்பல் கால்வாய், உப்பும் நன்னீரும் கலந்த தேங்கிய தண்ணீர், சுற்றிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், அடியில் சேறு. இரும்புக்கு ஆகாதது எல்லாம் ஒரே இடத்தில்.

துரு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இந்தக் கப்பல் வெல்டிங் வருவதற்கு முந்தைய காலத்துக் கட்டுமானம். ஒரு தகட்டின் ஓரத்தின் மேல் இன்னொரு தகட்டின் ஓரத்தை ஏற்றி வைத்து, ஓட்டை போட்டு, பழுக்கக் காய்ச்சிய ரிவெட் ஆணியை அடித்து இறுக்கியிருப்பார்கள். அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளியில் ஈரம் இறங்கினால் உள்ளேயே துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் ஊதிப் பெருத்துத் தகடுகளை நெம்பும். சீமெண்ட் தூணுக்குள் கம்பி துருப்பிடித்துத் தூணே வெடித்து உதிர்வதை நம்மூர்ப் பழைய குடியிருப்புகளில் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். நெம்பும் அழுத்தம் தாங்காமல் ரிவெட்டின் தலை தெறித்துவிடும். தலை போன இடத்தில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. நீர்மட்டத்தை ஒட்டிய பட்டையில் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதால் அங்கே அரிப்பு இன்னும் மோசம்.

அதுகூட வெளியிலிருந்து வந்த தண்ணீர். மேலிருந்தும் வந்தது. மரத்தாலான மேல்தளம் 1960-களில் மக்கிப்போய் மழைநீர் உள்ளறைகளில் தேங்க ஆரம்பித்தது. மரம் மாற்றினால் செலவு கட்டுபடியாகாது என்று 1968-இல் அதை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டார்கள். மொட்டை மாடி ஒழுகுகிறது என்று மேலே இன்னொரு தளம் போடுகிற வீட்டுக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டிலும் ஒரு தடவை நடந்திருக்கிறது, அடுத்த ஐப்பசியில் வாளி வைத்ததுதான் மிச்சம். கப்பலிலும் அதேதான் நடந்தது. இரும்பு வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். மேலே ஊற்றிய கான்கிரீட் அதற்கு ஈடுகொடுக்காமல் வெடிப்பு விட்டது. வெடிப்பு வழியாக மழை இறங்கி இரும்புத் தளத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே தங்கியது. முன்பு மரம் ஒழுகியபோது ஒழுகல் கண்ணுக்காவது தெரிந்தது.

1983-இல் அந்த ஆணையத்தைக் கலைத்து, மாநிலப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையிடம் கப்பலைக் கொடுத்தார்கள். அவர்கள்தான் 1988-இல் கால்வெஸ்டனுக்கு இழுத்துப்போய் உலர்துறை ஏற்றினார்கள். அரித்த தகடுகள் மாற்றப்பட்டன, கான்கிரீட் பெயர்க்கப்பட்டு மறுபடி மரத்தளம் வந்தது, 1945-இல் இருந்த கருநீல வண்ணம் பூசினார்கள். 1990-இல் திறந்தபோது புதுக் கப்பல்போல இருந்தது.

அப்புறம்? மறுபடி முப்பத்திரண்டு ஆண்டு சும்மா விட்டார்கள்.

பம்ப் போட்டு மிதக்கவைத்த ஆண்டுகள்

2012 கோடையில் ஒரு நாள் கப்பல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்பதை ஊழியர்கள் கவனித்தார்கள். ஓர் ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறந்தது. மாதக்கணக்கில் முக்குளிப்பவர்கள் இறங்கி ஓட்டைகளைத் தேடித் தேடி அடைத்தார்கள். பம்ப் போட்டு இறைத்துவிடலாமே என்றால் அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை, பழைய எண்ணெய்த் தொட்டிகளில் படிந்திருந்த எண்ணெய் தண்ணீரோடு கலந்து வந்தது. அதைப் பிரித்துத்தான் வெளியே விட வேண்டும், கால்வாயில் அப்படியே கொட்ட முடியாது.

2017 ஜூனில் முதலில் சொன்ன அந்த ஆறு டிகிரி. நீர்மட்டத்துக்கு வெகு கீழே, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை ஒன்று. அவ்வளவு சின்ன ஓட்டையா இவ்வளவு பெரிய கப்பலைச் சாய்த்தது என்று கேட்கலாம். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் சும்மா விடாது, அது ஊற்றுபோலப் பீய்ச்சி அடிக்கும். தண்ணீர் ஒரு பக்கத்து அறைகளில் மட்டும் சேர்ந்ததால் சாய்வு. 1944-இல் அவர்கள் பயன்படுத்திக்கொண்ட அதே கணக்கு. அந்தப் புடைப்பு அறைகள்தான் கப்பலின் பலவீனமான தோலும்கூட. உள்ளே ஆள் நுழைந்து சுரண்ட முடியாத சந்துகள், வெளியே கால்வாய்த் தண்ணீர்.

என் பார்வையில் இந்தக் கதையின் நடு முடிச்சு இதுதான்: தீர்வு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. கப்பலைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிரந்தரமாக உலர்ந்த மேடையில் வைப்பது. 2007-இல் மாநில வாக்காளர்கள் இதற்கென 25 மில்லியன் டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல்கூடக் கொடுத்தார்கள். மதிப்பீடு போட்டுப் பார்த்தால் அந்தப் பணம் காணாது. இடையில் மண் ஆய்வு, சுற்றுச்சூழல் ஆய்வு, தொல்லியல் ஆய்வு என்று ஆண்டுகள் ஓட, ஆய்வுக்குக் காத்திருக்காமல் துரு தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. கடைசியில் மேடைத் திட்டத்தைக் கைவிட்டு, உள்ளே இயந்திர அறைகளின் அடித்தாங்கிகளைச் சரிசெய்வதில் பணத்தைச் செலவிட்டார்கள். அது வீண் செலவு இல்லை. 1988-இல் போலக் கப்பலை இழுத்துப்போகும் துணிச்சல் பின்னால் வந்ததற்கு அந்தத் தாங்கிகளும் ஒரு காரணம். அதே நேரம் வெளித்தோல் அப்படியே இருந்தது.

உலர்ந்த இடத்தில் வைப்பது என்ற யோசனைக்கு முன்மாதிரி உண்டு. ஜப்பானின் யோகோசுகாவில் இருக்கும் மிகாசா, 1905-இல் ரஷ்யாவோடு நடந்த சுஷிமா சண்டையில் அட்மிரல் டோகோவின் கப்பல், 1920-களிலேயே கரையில் பதித்து அடியைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு வைத்துவிட்டார்கள். அதற்கும் நல்ல காலம் மட்டும் இல்லை. இரண்டாம் போரில் ஜப்பான் தோற்ற பிறகு பீரங்கிகளையும் மேல்கட்டுகளையும் கழற்றி விற்று, மேல்தளத்தில் நடன அரங்கும் மீன் காட்சியகமும் நடத்தினார்கள். பிறகு அதைக் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஜப்பானியக் கடற்படையைத் தோற்கடித்த அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ். 1961-இல் மீட்டுத் திறந்தார்கள். மூழ்கும் கவலை மட்டும் அந்தக் கப்பலுக்கு இல்லை.

தண்ணீரிலேயே நிற்கும் மற்றவற்றுக்கு அந்தக் கவலை எப்போதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சேர்த்துக் கொடுத்துக் காப்பாற்றிய வட கரோலினா கப்பலைச் சுற்றி அணைபோல இரும்புச் சுவர் எழுப்பி, நின்ற இடத்திலேயே தண்ணீரை வெளியேற்றிப் பழுது பார்த்தார்கள். நியூ ஜெர்சி 2024-இல் பிலடெல்பியா உலர்துறைக்குப் போய் வந்தது. அவ்வளவு கவனிப்பு கிடைக்காமல் பஃபலோ நகரில் நின்ற 'தி சல்லிவன்ஸ்' என்ற நாசகாரிக் கப்பல் 2022 ஏப்ரலில் நின்ற இடத்திலேயே பாதி மூழ்கியது. டெக்சாஸ்காரர்களுக்கு அந்தப் படங்களைப் பார்த்து வயிற்றைக் கலக்கியிருக்கும்.

நம் பக்கத்துக் கதையும் நினைவுக்கு வராமல் இல்லை. விமானந்தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்தை மும்பையில் அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். 2012-இல் பாதுகாப்பில்லை என்று மூடி, 2014-இல் ஏலத்தில் விற்று உடைத்தார்கள். அதன் இரும்பு கொஞ்சம் பஜாஜ் வி மோட்டார் சைக்கிளில் கலந்து ஓடுகிறது. விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கியைக் கடற்கரை மணலில் ஏற்றி வைத்தார்கள், இன்றைக்கும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

மூழ்கியவை மட்டும் நிம்மதியாகவா இருக்கின்றன

சிலர் சொல்வது இது: கப்பலுக்கு மூழ்குவதே மரியாதை, துருப்பிடித்துக் காட்சிப்பொருளாக நிற்பதைவிட. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூழ்கியவற்றின் நிலையைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

1918 நவம்பர் 21 அன்று ஜெர்மானியக் கடற்படை சரணடைய வந்தபோது அதை எதிர்கொண்டு அழைத்துவந்த வரிசையில் டெக்சாஸும் இருந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்தில் அடைத்துவைத்த அந்தக் கப்பல்களை அவற்றின் மாலுமிகளே 1919 ஜூன் 21 அன்று அடைப்பான்களைத் திறந்துவிட்டு மூழ்கடித்தார்கள். 52 கப்பல்கள் ஒரே நாளில். பெரும்பாலானவற்றைத் தூக்கி விற்றுவிட்டார்கள். அணுகுண்டுக் காலத்துக்கு முன்பு உருக்கிய இரும்பு என்பதால் கதிரியக்கம் அளக்கும் நுட்பக் கருவிகளுக்கு அதற்குப் பின்னாளில் தனி மவுசு. ஜெர்மன் பேட்டில்ஷிப் மூன்று மட்டும் இன்னும் அடியில் கிடக்கின்றன. அந்த மூன்றும் 2019-இல் ஈபே தளத்தில் விலைக்கு வந்து, ஒவ்வொன்றும் 25,500 பவுண்டுக்குப் போயின. ஒரு நல்ல கார் விலை.

மலேசியாவின் குவாண்டானுக்கு அப்பால் தென்சீனக் கடலில் 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் இரண்டின் நிலை இன்னும் கேவலம். 840 பேர் செத்த இடம், கடல் கல்லறை. அங்கே திருட்டுத்தனமாக வெடிவைத்துப் பிளந்து, இரும்புக் கவ்வி போட்டு இரும்பையும் செம்பையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். 2023 மே மாதம் மலேசியக் கடலோரக் காவல்படை ஒரு சீனக் கப்பலைப் பிடித்தபோது அதன் தளத்தில் பழைய பீரங்கிக் குண்டுகள் கிடந்தன. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் மணியை மட்டும் 2002-இலேயே முக்குளித்து எடுத்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனது புத்திசாலித்தனம், இல்லாவிட்டால் அதுவும் யாருடைய உலைக்கோ போயிருக்கும்.

பேர்ல் ஹார்பரில் கிடக்கும் அரிசோனாவுக்குக் காவல் இருக்கிறது, மேலே வெள்ளை நினைவு மண்டபம் இருக்கிறது, இறந்த 1,177 பேரில் பெரும்பாலானவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். அதிலிருந்து இன்னும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் மேலே வந்துகொண்டிருக்கிறது. அங்கேயும் துருதான் முடிவு சொல்லப்போகிறது, கொஞ்சம் மெதுவாக.

நாற்பது மைல்

சரி, டெக்சாஸுக்கு வருவோம். 2019-இல் மாநிலச் சட்டமன்றம் பழுதுக்கு 35 மில்லியன் டாலர் ஒதுக்கி, கப்பலை நடத்தும் பொறுப்பை டெக்சாஸ் கப்பல் அறக்கட்டளையிடம் நீண்ட குத்தகைக்கு விட்டது. அந்த ஆகஸ்டிலேயே பார்வையாளர்களுக்கு மூடினார்கள். செலவு அந்த 35-இல் அடங்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெரிய பயம், உலர்துறை போய்ச் சேரும்வரை மிதக்குமா என்பது. ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்து முடியாது என்பதால், புடைப்பு அறைகளுக்குள் ஊதி விரியும் நுரையை நிரப்பினார்கள். நுரை இடத்தை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நுழைய இடம் இருக்காது. எளிமையான யோசனை, நன்றாகவே வேலை செய்தது. கூடவே பம்புகளும் தயாராக இருந்தன.

2022 ஆகஸ்ட் 31 அதிகாலை இழுவைப் படகுகள் கப்பலைத் துறையிலிருந்து பின்னுக்கு இழுத்தன. கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் ஏராளம். சுமார் 40 மைல், கால்வெஸ்டன் வரை. அங்கே மிதவை உலர்துறை காத்திருந்தது, தானே தண்ணீரில் அமிழ்ந்து, கப்பலை உள்ளே வாங்கிக்கொண்டு, தூக்கிக்கொண்டு எழும் வகை. கப்பல் மிதந்தே போய்ச் சேர்ந்தது.

தண்ணீர் வடிந்ததும் நுரையைச் சுரண்டி எடுத்து, அரித்த புடைப்புகளை வெட்டிக் கழற்றி, 700 டன்னுக்கு மேல் புதிய எஃகு வைத்துக் கட்டினார்கள். பழைய ரிவெட் வேலைப்பாடு அந்த இடத்தில் போனது. வெல்டிங்தான் இப்போது. தூய்மைவாதிகள் சிலர் முணுமுணுத்தார்கள். ரிவெட் அடிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் அதே ஓட்டைக்கு அதே துரு வரும். எனக்கு இதில் வருத்தம் இல்லை. 1914-இன் பெரிய பிஸ்டன் நீராவி எஞ்சின்கள் உள்ளே அப்படியே இருக்கின்றன, பத்து பீரங்கியும் இருக்கின்றன, அந்த வெடிக்காத குண்டின் கதையும் இருக்கிறது. தோலை மாற்றாவிட்டால் உள்ளே இருப்பதும் போயிருக்கும்.

2024 மார்ச் 5 அன்று உலர்துறையை மெதுவாக அமிழ்த்தினார்கள். இந்த மாதிரி நேரத்தில் தண்ணீர் கொஞ்சம் ஏறியதும் நிறுத்திவிட்டு, ஆட்கள் டார்ச்சோடு அடிவயிற்றுக்குள் போய் ஒவ்வொரு அறையாகக் கை வைத்துப் பார்ப்பார்கள், எங்காவது ஈரம் தட்டுகிறதா என்று. தட்டினால் மறுபடி தூக்க வேண்டியதுதான். டெக்சாஸ் மிதந்து வெளியே வந்து பக்கத்துத் துறையில் கட்டப்பட்டது, மேல்தள வேலைக்காக.

இனி அது பழைய போர்க்களத்துக்குத் திரும்பாது. அங்கே கூட்டம் போதவில்லை, நுழைவுக் கட்டணத்தில்தான் பராமரிப்பு நடக்க வேண்டும் என்றால் ஆள் வரும் ஊரில் நிற்க வேண்டும், கால்வெஸ்டன் கடற்கரை ஊர், சுற்றுலாக் கப்பல்கள் வந்துபோகும் ஊர், உலர்துறையும் கூப்பிடு தூரத்தில். அந்தக் கூப்பிடு தூரத்துக்கு அடுத்து எப்போது போகப்போகிறார்கள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை 40 ஆண்டு, இரண்டாவது தடவை, 1988-லிருந்து எண்ணினால், 34.